யார் இந்த ஜானகி அம்மாள்? மதுரவாயலில் மறைந்த தாவர விஞ்ஞானியின் கதை

கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ் ஏறுபவர்களுக்கு மதுரவாயல் என்றாலே டிராஃபிக்தான் ஞாபகம் வரும். ஆனால், உலகம் அறிந்த ஒரு தாவர விஞ்ஞானி கடைசி நாள் வரை வேலை பார்த்த இடமும் அதுதான். அவர் பெயர் இ.கே.ஜானகி அம்மாள்.

கல்யாணமா, படிப்பா?

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்களுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் முடித்துவிடும் காலம் அது. இவரோ ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பிறகு கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆராய்ச்சி. அங்கிருந்து இங்கிலாந்து. பயிர்களின் குரோமோசோம்கள் பற்றி டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1945-ல் வெளியானது.

நேரு கொடுத்த வேலை

1951-ல் பிரதமர் நேரு அழைக்க, நாடு திரும்பினார். இந்திய தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. நம் காடுகளில் எடுத்த செடிகளின் முக்கியமான மாதிரிகள் பிரிட்டிஷ் ஆட்சியில் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயிருந்தன. நம்ம ஊர் செடியைச் சரிபார்க்கவே லண்டனைப் பார்க்க வேண்டிய நிலை. இந்தியத் தாவரங்களை இந்தியர்களே சேகரித்து, இங்கேயே பதிவு செய்ய வேண்டும் என்பதில் ஜானகி அம்மாள் உறுதியாக இருந்தார்.

ஹெர்பேரியம் என்றால் என்ன?

உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் காப்பகம்தான் ஹெர்பேரியம். பூவோடு, காயோடு செடியைப் பறித்து, காகிதங்களுக்கு நடுவே அழுத்திக் காயவைப்பார்கள். பிறகு தடித்த தாளில் ஒட்டி, எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று எழுதி வைப்பார்கள். ஈரப் பாறையில் படரும் பாசி, ஈரலுருத் தாவரம் போன்ற சின்னஞ்சிறு செடிகள் என்றால் காகித உறைக்குள் போகும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் காய்ந்த சருகுதான். ஒரு காடு அழிந்துபோனாலும், அங்கே என்ன இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி.

80 வயதில் அமைதிப் பள்ளத்தாக்கு

1970-ல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் மூலிகைச் செடிகளோடு வாழத் தொடங்கினார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனாலும் ஓயவில்லை. கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்துக்கு எதிராகக் குரல் எழுந்தபோது, 80 வயதைத் தாண்டியிருந்த அவரும் அதில் சேர்ந்தார். காடு மூழ்குவதற்குள் அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களையாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆய்வில் இறங்கினார்.

1984 பிப்ரவரியில், மதுரவாயல் ஆய்வுக்கூடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஜம்முவில் உள்ள ஒரு ஹெர்பேரியம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.