பேராசிரியர் ஜான் பிரெடெரிக் டேனியல்

டேனியல் மின்கலத்தைப் பற்றி நாம் பௌதிகப் புத்தகங்களிற் படித்திருக்கின்றோம். எனினும், அதனை ஆக்கிய பெரியாரின் வரலாற்றை அறிந்தோர் நம்முட் சிலரே.

டேனியல் 1790-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். இளமையில் உறவினரது சருக்கரை சுத்தி செய்யும் ஆலையிற் பணியாற்றினார். 1820-இல் காற்றின் ஈரத்தை அளக்குங் கருவியொன்றை அமைத்துப் புகழ் பெற்றார். 1831-இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் முதல் இரசாயனப் பேராசிரியரானார். மைக்கேல் பாரடே இவருக்கு உற்ற நண்பர்.

வோல்டா 1800-இல் உலகிற்கு அறிவித்த மின்னடுக்கிற்கு ஒரு பெருங்குறை இருந்தது. தொடக்கத்தில் வலிமையுடன் எழும் மின்னோட்டம் விரைவிலே தளர்ந்துவிடும். செம்புத் தகட்டின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் படிந்து, மின்னோட்டத்தைத் தடுப்பதே இதற்குக் காரணம். டேனியல் கலத்தைப் பெரிதாக்க முயன்றாரல்லர். நோயின் மூலத்தையே நாடினார். 1836-இல் அவர் அமைத்த கலத்தில், செம்புப் பாத்திரத்துள் மயில்துத்தக் கரைசலும், அதனுள்ளே எருதின் உணவுக்குழலாலான பையில் நீர்த்த கந்தகத் திராவகமும் துத்தநாகக் கோலும் இருந்தன. இதனால் செம்பின்மேல் வாயுவுக்குப் பதிலாகப் புதிய செம்பே படிந்தது. கரைசலின் செறிவு குன்றாதபடி மேலே மயில்துத்தப் படிகங்களும் வைக்கப்பட்டன. ஏறக்குறைய 1.1 வோல்ட் அழுத்தத்தில் மின்னோட்டம் நெடுநேரம் ஒரே சீராக ஓடியது. பையினிடத்தைப் பிற்காலத்தில் நுண்துளை மட்கலம் பெற்றது.

1839-இல் வெளிவந்த குரோவ் கலம் இதனினும் ஆற்றல் மிக்கது. ஆனால் நச்சுப்புகையைக் கக்கியது. டேனியல் கலத்திலோ அத்தீமை இல்லை. ஆதலின் தந்தி நிலையங்கள் பல இதனை விரும்பி ஏற்றன.

1837-இல் இராயல் சங்கம் இவருக்குக் காப்லி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 1845-ஆம் ஆண்டு, தமது ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளுக்கு மறுநாள், அச்சங்கத்தின் ஆலோசனைக் கூட்டத்திலிருந்தபோதே இவர் திடீரென உயிர் துறந்தார்.

இன்று இலிதியம் மின்கலங்களிலுள்ள திரவம் எளிதில் தீப்பற்றுவதால், விஞ்ஞானிகள் மீண்டும் நீர்க்கரைசலை நாடுகின்றனர். உலோகத்திற்குப் பதிலாகக் குவினோன் போன்ற கரிமப் பொருள்களைக் கொண்டு மின்வாய்கள் சமைக்கின்றனர். அவை கரைந்தும் சிதைந்தும் போகாமல் நீடிப்பதெங்ஙனம் என்பதே அவர்களுடைய பெருங்கவலை. பொருள்கள் மாறினும் வினா டேனியல் விடுத்ததே.

கணத்தில் மின்னி மறையும் ஆற்றலினும், பிறர்க்கு இன்னல் விளைக்காது நெடிது நின்று பயன்தரும் ஆற்றலே மேலானது. மாணவ நண்பர்காள், கலத்திற்கு மட்டுமன்று, நம் கல்விக்கும் இஃது ஒக்கும்.