பழநிக்குப் போகாத பாம்பன் சுவாமிகள்

 

சண்முக கவசம் தெரியாத முருக பக்தர் நம்மில் யாரும் இருக்க மாட்டீங்க. பரீட்சையா, ஆபரேஷனா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா, உடனே அதைத்தான் எடுப்போம். அதை 1891-இல் பாடிய பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள், கடைசி மூச்சு வரை பழநிக்குப் போகவில்லை. போக ஆசை இல்லாமல் இல்லை. உயிரையே வைத்திருந்தார். ஆனால் அவரால் போக முடியவில்லை. அதற்குக் காரணம் அவர் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சின்ன வார்த்தை. இன்றைக்கு அந்தக் கதைதான்.

சுவாமிகளின் இயற்பெயர் அப்பாவு. பிறந்தது ராமேஸ்வரத்தில். அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலம். வளர்ந்தது பாம்பன். சின்ன வயசிலேயே கந்தர் சஷ்டி கவசத்தைப் பாராயணம் பண்ணிப் பண்ணி, நாமும் இப்படி முருகனைப் பாட வேண்டும் என்று ஏக்கம் வந்துவிட்டது. பதின்மூன்று வயசு வாக்கில், அவர்களுடைய தென்னந்தோப்பில் உட்கார்ந்து, பனை ஓலையில் முதல் பாட்டை எழுதினார். அப்புறம் தினமும் ஒரு பாட்டு, அதுவும் சாப்பிடுவதற்கு முன்னாடி. பாட்டு வந்தால்தான் சோறு. நூறு நாள், நூறு பாட்டு. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அருணகிரிநாதர் பெயரை வைத்தார். நேரில் பார்த்திராத, சில நூறு வருஷம் முன்னே வாழ்ந்த ஒருத்தரைக் குருவாக வரித்துக்கொண்ட பையன் அவர்! அந்தப் பாட்டுகளைப் பார்த்து அசந்துபோன சேதுமாதவ ஐயர்தான், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் அவருக்கு ஆறெழுத்து மந்திரத்தை உபதேசம் பண்ணினார்.

பெரியவர்கள் பேச்சைத் தட்ட முடியாமல் 1878-இல் கல்யாணம். மனைவி காளிமுத்தம்மாள். மூன்று குழந்தைகள். ஒரு ராத்திரி கைக்குழந்தை வயிற்றுவலியில் அழுதுகொண்டே இருந்தது. கொஞ்சம் திருநீறு கொடுங்க என்று அம்மையார் கேட்க, முருகனிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுச் சுவாமிகள் தியானத்துக்குப் போய்விட்டார். (இதைப் படிக்கும்போது அந்த அம்மா மேல்தான் எனக்குப் பாவமாக இருக்கும்.) அம்மையார் முருகனை நினைத்து அழுதார். காவி கட்டிய ஒருவர் வீட்டுக்குள் வந்து, குழந்தையை வாங்கித் திருநீறு பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தை தூங்கிவிட்டது. வந்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. சுவாமிகளுக்கு மட்டும் தெரிந்தது.

இந்தக் காலத்தில்தான் அவர் மனசு துறவறத்தை நோக்கி ஓடியது. துறவு என்றாலே பழநிதானே? எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு நிற்கிற சாமி அங்கேதான் இருக்கிறான். அவன் காலடியில் போய் விழுந்துவிடலாம் என்று முடிவு பண்ணினார். பாம்பனில் அவருக்கு அங்கமுத்துப் பிள்ளை என்று ஒரு நண்பர். நாளைக்குப் பழநி போகிறேன் என்று அவரிடம் சொன்னார். குடும்பம் இருக்கே, இது முருகன் உத்தரவா என்று நண்பர் கேட்டார். உத்தரவு எதுவும் வரவில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் நண்பர் தடுத்துவிடுவார். ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பணத்துக்காகச் சொன்ன பொய் இல்லை, பேருக்காகச் சொன்னதும் இல்லை. முருகனைப் பார்க்கப் போவதற்காகச் சொன்னது. நாமெல்லாம் பழநி கூப்பிடுது என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுத்தானே பஸ் ஏறுகிறோம்?

அன்றைக்குப் பகலிலேயே முருகன் அவர் முன் கோபத்தோடு தோன்றினான். நான் எப்போது சொன்னேன் என்று கேட்டான். ஆன்ம லாபத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று சுவாமிகள் நடுங்கிப் போய்ச் சொல்லியும் விடவில்லை. நான் கூப்பிடும் வரை பழநிக்கு வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான்.

அந்த அழைப்பு வரவே இல்லை. எவ்வளவோ தலங்களைத் தரிசித்தவர், பழநியை மட்டும் தொடவில்லை. காசி வரை போனவருக்குப் பழநி எட்டாத தூரமா? கிளம்பினால் போய்விடலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் ஒரு தடவை முருகன் பெயரில் இல்லாததைச் சொன்னவர், இரண்டாவது தடவை அவன் பேச்சை மீறத் தயாராக இல்லை.

1894-இல் ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசையில், சுடுகாட்டில் குழி வெட்டி அதில் இறங்கி 35 நாள் தவம் இருந்தார். அங்கே முருகன் காட்சி கொடுத்தான். அதை விரிவாகத் தனியாக எழுதுகிறேன், இங்கே தாங்காது. அடுத்த வருஷம் வீட்டை விட்டுக் கிளம்பிச் சென்னை வந்தார். வைத்தியநாத முதலி தெருவில் பங்காரு அம்மாள் வீட்டில் இடம் கிடைத்தது.

சுவாமிகள் பாடியது மொத்தம் 6,666 பாட்டு. அதில் பகை கடிதல் பத்தே பாட்டுதான். அதில் அவர் முருகனிடம் நேராகப் பேசவில்லை. மயிலிடம் பேசுகிறார். உன் தலைவனை என்னிடம் கூட்டிக்கொண்டு வா என்று அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பல வருஷம் வெறும் பாராயணமாகத்தான் இதைப் படித்துக்கொண்டிருந்தேன். பழநிச் சத்தியத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு படித்த அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. தான் போக முடியாத ஒருத்தர் வேறு என்ன கேட்பார்? இது என் மனசுக்குப் பட்டதுதான், சுவாமிகள் அப்படி எங்கேயும் சொல்லவில்லை.

1923 டிசம்பர் 27. சுவாமிகளுக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. தம்புச் செட்டித் தெருவில் நடந்து போகும்போது ஒரு குதிரை வண்டி மோதி, சக்கரம் இடது கணைக்காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் காக்கச் சொல்லி முப்பது பாட்டுக் கவசம் பாடியவருக்குக் கால் முறிந்தது. அன்றைக்கும் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

சென்னை பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர்கள் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். வயசோ ஆகிவிட்டது. அதோடு பல வருஷமாக உப்பு, புளி, காரம் மூன்றையும் விட்டவர். இந்த உடம்பில் எலும்பு கூடாது, காலை எடுக்க வேண்டும் என்றார்கள். எந்த விரதத்தை முருகனுக்காக எடுத்தாரோ, அதுவே இப்போது எதிராக நின்றது.

சுவாமிகள் மருத்துவமனைப் படுக்கையில் முருகனை நினைத்தபடி கிடந்தார். வெளியே சீடர்கள் சண்முக கவசத்தை விடாமல் ஓதினார்கள். அவர்களில் சின்னசாமி ஜோதிடருக்கு, முறிந்த எலும்பை இரண்டு பக்கமும் வேல்கள் தாங்கிப் பிடிப்பது போலக் காட்சி கிடைத்தது. பதினோராம் நாள் இரவு, 1924 ஜனவரி 6. சுவாமிகள் கண்ணுக்கு முன்னால் வானத்தில் இரண்டு மயில்கள் தோகை விரித்து ஆடின. அப்புறம் பார்த்தால், பக்கத்திலேயே செக்கச் செவேல் என்று ஒரு குழந்தை படுத்திருந்தது. முருகா என்று உருகினார். குழந்தை மறைந்தது.

எலும்பு கூடிவிட்டது. காலை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்தக் காட்சியை வருஷா வருஷம் கொண்டாட வேண்டும் என்று சீடர்களிடம் சொன்னார். மார்கழி வளர்பிறைப் பிரதமையில் இன்றைக்கும் நடக்கிற மயூர வாகன சேவன விழா அதுதான். 1929 மே 30 காலையில் சுவாமிகள் சமாதி அடைந்தார். திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த இடம். சென்னையில் இருப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்து பகை கடிதல் படித்துப் பாருங்க.

வேலும் மயிலும் துணை.