நீலகண்ட சாஸ்திரியும் என் விபத்து அறிக்கையும்

நம்ம மலரில் ஆளாளுக்கு ஹாஸ்டல் கதை எழுதுவாங்க. நான் ஒரு சரித்திரப் பேராசிரியரைப் பற்றி எழுதுகிறேன். காரணம் கடைசியில்.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1892-ல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து, 1913 முதல் அங்கேயே பாடம் நடத்தினார். 1929-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பாண்டியர் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டதும் அதே ஆண்டுதான். சோழர் வரலாறு 1935-லும் 1937-லும் வந்தது.

எங்க ஊர் வெம்பக்கோட்டையில் 2022-ல் அகழாய்வு தொடங்கியதும், நம்ம பாண்டிய நாட்டுக் கதை என்னதான்னு பார்க்க அவர் புத்தகத்தை எடுத்தேன். அவர் சான்றுகளைக் கையாண்ட விதம்தான் என்னை உட்கார வைத்தது. கல்வெட்டு அந்தக் காலத்திலேயே வெட்டியது. ஆனால் அதன் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தி, அரசன் சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லும். இலக்கியம் வாழ்க்கையைக் காட்டும், ஆண்டைக் காட்டாது. அயல்நாட்டார் குறிப்பில் கண்டதும் இருக்கும், கேள்விப்பட்டதும் கலந்திருக்கும். அதனால் ஒன்றை மற்றொன்றோடு உரசிப் பார்த்தார். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்புக்கு, மெய்க்கீர்த்தி சொல்லும் ஊர்ப்பெயர்களைச் சீனக் குறிப்புகளோடும் ஒப்பிட்டார். அயல்நாட்டார் குறிப்புகளைத் தொகுத்து 1939-ல் தனி நூலே போட்டார்.

குறையும் உண்டு. தமிழ் இலக்கியத்துக்கு வையாபுரிப் பிள்ளையைப் பெரிதும் நம்பியிருந்தார். சோழ அரசை இருந்ததைவிடக் கட்டுக்கோப்பாகக் காட்டிவிட்டார் என்றும் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். 1975-ல் காலமானார்.

இப்போ காரணத்துக்கு வர்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டாசு ஆலை விபத்துக்கு அறிக்கை எழுதினேன். பதிவேட்டில் அந்த அறையில் நாலு பேர். ஆஸ்பத்திரியில் கிடந்த அக்கா, ஆறு பேருன்னு சொன்னாங்க. எழுத்தில் இருப்பதே சான்று என்று நினைத்து நாலு என்றே எழுதினேன். மற்ற ரெண்டு பேருக்கும் என் அறிக்கையில் இடமில்லாமல் போச்சு. பதிவேடும் ஒருவகை மெய்க்கீர்த்திதான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இன்று பதிவேடு, தரையிலுள்ள கருகல், தொழிலாளியின் வாய்ச்சொல் மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறேன். எங்கே முரண்படுகிறது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரையோ ஆலை அறிக்கையோ, எழுதப்போகும் நம்ம தம்பி தங்கைகளும் அப்படியே செய்யணும்னு கேட்டுக்கிறேன். அந்த ரெண்டு பேருக்கு நான் பட்ட கடன் அது.