கரும்பின் மரபறிந்த பேரறிஞர்

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரைச் சார்ந்த கள்ளிக்குப்பத்திற்குத் தெற்கே அமைந்த ஊர் மதுரவாயல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் கள ஆய்வகம் அங்கே இருந்தது. தாவர மரபியலில் உலகப்புகழ் பெற்ற அறிஞர் ஒருவர், தம் வாழ்வின் இறுதிப் பதின்மூன்று ஆண்டுகளை அவ்வாய்வகத்திலேயே கழித்தார். அவரே எடவலத் கக்கட் ஜானகி அம்மாள்.

இளமையும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். நீதித்துறையில் பணியாற்றிய தந்தையார் இயற்கையின்மீது பெருவிருப்பம் கொண்டவர். பெண்களுக்குத் திருமணமே வாழ்வெனக் கருதப்பட்ட அக்காலத்தில், ஜானகி அம்மாள் மணம் புரியாது கல்வியைத் தேர்ந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1925இல் முதுகலைப் பட்டமும் 1931இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

மரபுவழியின் கணக்கு

அவர் ஆராய்ந்த துறைக்கு அடித்தளமிட்டவர் கிரிகோர் மெண்டல். நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் நெட்டையாயின. அவற்றின் வழித்தோன்றல்களிலோ மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை என்னும் விகிதம் அமைந்தது. மறைந்துபோன குட்டைத்தன்மை மீண்டும் வெளிப்பட்டது. ஒவ்வொரு பண்புக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு காரணிகள் வருகின்றன. ஓங்குதன்மையுடைய காரணி வெளிப்பட, ஒடுங்குதன்மையுடையது அழியாமல் உள்ளே உறைகிறது. இனச்செல்கள் உருவாகும்போது இரண்டும் பிரிந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. இக்காரணிகளே மரபணுக்கள், அவற்றைத் தாங்குவன குரோமோசோம்கள். அக்குரோமோசோம்களை நுண்ணோக்கி வழியே எண்ணி ஆராய்வதில் ஜானகி அம்மாள் தேர்ச்சி பெற்றார்.

கோவையில் ஆய்வு

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். இனிப்பு மிகுந்த தடித்த கரும்பு வட இந்தியக் குளிரைத் தாங்காது. ஆற்றங்கரைகளில் தானே வளரும் காட்டுக்கரும்போ இனிப்பற்றது, ஆயினும் வலிமையுடையது. இரண்டையும் கலந்து 'கோ 205' என்னும் வகையை அந்நிலையம் முன்னரே உருவாக்கியிருந்தது. எனினும் பட்டாணியின் எளிய கணக்கு கரும்புக்குப் பொருந்தவில்லை. பட்டாணியில் 14 குரோமோசோம்களே உள்ளன. தடித்த கரும்பில் 80 உள்ளன. காட்டுக்கரும்பிலோ அவ்வெண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுபடும். அச்சிக்கலை ஜானகி அம்மாள் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளம் முதலிய பிற புல்லினங்களோடும் கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினார்.

கடல் கடந்த பணி

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் பணிபுரிந்தார். சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெருநூலை 1945இல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியாவின் ஒரு வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி மலர்கிறது. பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

காடு காத்த அறிவு

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் முன்மொழியப்பட்டபோது, எண்பது அகவையை எட்டிய ஜானகி அம்மாள் அதனை எதிர்த்தார். பயனற்றதெனத் தோன்றிய காட்டுக்கரும்பே நாட்டின் கரும்பு வேளாண்மைக்கு வலிமை தந்தது என்பதை அவர் நன்கறிந்தவர். செடிக்குள் மறைந்துள்ள பண்பு ஒருநாள் வெளிப்படும். செடியே அழிந்துவிட்டால் அப்பண்பு என்றும் மீளாது.

1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. அவர் காக்க விழைந்த காடு இன்றும் நிலைத்து நிற்கிறது.