குமாரசாமி ராஜாவும் ஊர்க்காவற் செலவும்

காவலுக்குப் பணம் கொடுப்பவர் யார், அந்தப் பணத்திற்குக் கணக்குக் கேட்பவர் யார் என்னும் கேள்வி பழமையானது. காலஞ்சென்ற ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜாவின் வாழ்க்கையை அந்தக் கேள்வியோடு சேர்த்து நோக்க விரும்புகிறோம். ஸ்தல ஸ்தாபனத்திலிருந்து கோட்டைக்குச் சென்றவர் அவர். வீட்டுவரி வசூலிக்கும் பக்கத்தையும் போலீஸ் செலவை அனுமதிக்கும் பக்கத்தையும் கண்டவர்.

அவர் 1898-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி ராஜபாளையத்தில் பிறந்தார். அன்று ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. ராமநாதபுரம் ஜில்லா 1910-இல்தான் ஏற்பட்டது. அந்தச் சீமையின் பழைய முறை என்ன? கிராமத்தார் விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்காரனுக்கு அளந்தார்கள். திருட்டுப் போனால் அவன் பொருளை மீட்டுத் தரவேண்டும். இல்லையேல் ஈடு கொடுக்கவேண்டும். ஸ்தலகாவல் என்பது அதுவே. பாதைகளையும் பல கிராமங்களையும் காக்கும் தேசகாவல் பாளையக்காரர் கையில் இருந்தது. அதில் கொடுமை இல்லை என்று நாம் சொல்லவில்லை. காவற்கூலி கொள்ளையாகவே மாறிய இடங்களும் உண்டு. ஆயினும் கொடுத்தவன், கொண்டவனை நேரில் அறிவான். பாளையப் போர்களுக்குப் பின் அவ்வுரிமையைக் கும்பெனியார் பறித்துக்கொண்டார்கள். 1859-ஆம் வருஷத்துச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் ஒரே போலீஸை அமைத்தது. 1882-இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம் நகரசபைகளைப் போலீஸ் செலவினின்று விடுவித்து, அவற்றின் பணத்தைக் கல்விக்கும் சுகாதாரத்திற்கும் திருப்ப எண்ணியது. ஸ்ரீவில்லிபுத்தூர் நகரசபை 1894-இல் தோன்றியது அந்த ஏற்பாட்டின் நிழலில்தான்.

செலவினின்று விடுதலை கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. 1899-இல் சிவகாசிக் கலகத்திற்குப் பின் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊரார் தலையில் விழுந்தது. வரி மட்டும் ஊருக்கு வந்து, அதிகாரி வேறிடத்திற்குப் பதில் சொன்ன விந்தை அது. ராஜா அப்பொழுது கைக்குழந்தை.

சிறு பிராயத்திலேயே பெற்றோரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்ட அவர், காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். ஸ்தல ஸ்தாபனங்களில் பழகினார். 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டப்படி சொத்துவரியோடு தண்ணீர்வரியும் விளக்குவரியும் விதிக்கலாம். தெரு விளக்கு எரியாவிட்டால் ஜனங்கள் அங்கத்தினர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். போலீஸ்காரர் வராவிட்டால் எவர் வாசலில் நிற்பது?

1937-இல் மாகாண சட்டசபை சென்ற அவர், 1946-இல் பிரகாசம் மந்திரிசபையில் இடம்பெற்றார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விலகியபின் 1949 ஏப்ரலில் பிரதம மந்திரியானார். அவர் கைக்கு வந்த பொக்கிஷம் எத்தகையது? 1948 அக்டோபர் 2-ஆம் தேதியோடு மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்துவிட்டபடியால் கள், சாராய வருமானம் அற்றுப்போயிற்று. அந்த விலக்கைக் காக்கப் போலீஸ் வேலையோ பெருகிற்று. 1939-இல் ராஜாஜி கொண்டுவந்த விற்பனை வரி கைகொடுத்தது. ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரியும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரரும் செலுத்திய காசு சென்னைக்குப் போய், அங்கிருந்து போலீஸ் சம்பளமாகத் திரும்பிற்று. மதுவிலக்கை நாம் குறைகூறவில்லை. அதன் விலையை ஜனங்களுக்கு விளங்கச் சொல்லியிருக்கவேண்டும் என்றே சொல்லுகிறோம்.

அவருடைய மந்திரிசபை 1950-இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டுவரி, தொழில்வரி முதலிய வருமானங்களுடன் சிற்றூர்களும் சொந்தப் பையைப் பெற்றன. நன்று. ஆனால் போலீஸ் மாகாணத்தின் கையிலேயே நின்றது. அதே 1950-இல், பிப்ரவரி 11-ஆம் தேதி, சேலம் சிறையில் பொதுவுடைமைக் கட்சிக் கைதிகள் 22 பேர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார்கள். தாமே சிறைவாசம் கண்ட ஒருவரின் ஆட்சியில் இது நேர்ந்ததை மறைத்து அவர் வரலாற்றை எழுத நாம் இசையோம். ஒரு ரூபாய் விளக்குவரிக்கு நகரசபையில் அரைநாள் வாதம் நடக்கும் நாட்டில், அந்தத் தோட்டாக்களுக்கு வரி கொடுத்தவர்கள் எந்தச் சபையில் கேட்பது?

1952 பொதுத் தேர்தலில் ராஜா தோற்றார். 1954 முதல் 1956 வரை ஒரிஸா கவர்னராக இருந்து, 1957 மார்ச் 16-ஆம் தேதி காலமானார். ராஜபாளையத்திலிருந்த தம் வீட்டையே காந்தி கலைமன்றத்திற்கு அளித்தவர்; பொதுப்பணத்தில் தமக்கென ஆசைகொள்ளாதவர் என்பதை எதிரிகளும் மறுக்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற ஏற்பாடு இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. 1993-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளின் பணிகளில் தீயணைப்பையும் எழுதி வைத்தது. பம்பாயில் மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துகிறது. தமிழ்நாட்டில் அது மாநில இலாகா. இங்கிலாந்தில் வீட்டுவரிச் சீட்டிலேயே போலீஸுக்கு இவ்வளவு என்று தனித்துக் காட்டுகிறார்கள். இங்கோ, பஞ்சாலையில் தீப்பற்றினால் வண்டி நகர எல்லையைப் பாராமல் கிராமத்திற்கும் ஓடவேண்டும். ஆகவே மாநிலம் செலவழிப்பதில் நியாயமும் உண்டு. நாம் கேட்பது ஒன்றே: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையங்களுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவையும், ஆள் எண்ணிக்கையையும், காலியிடங்களையும் இரண்டு நகராட்சிகளின் கூட்டங்களிலும் அரசாங்கத்தார் வைக்கட்டும். அங்கத்தினராயுள்ள அன்பர்கள் அடுத்த வரவுசெலவுக் கூட்டத்திலேயே இதற்குத் தீர்மானம் கொண்டுவரலாம்.