ஜெயிலுக்குப் போயும் சிரிப்பு நிக்கல

திண்டுக்கல்காரங்களுக்கு மேடையில அரசியலைக் கிண்டலடிக்கிறது ஒண்ணும் புதுசு இல்ல. லியோனி சார் பட்டிமன்றத்தைக் கேட்டு வளர்ந்தவங்க நாம. டிவி, பட்டிமன்றம் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இதே வேலையை சினிமாவுக்குள்ள செஞ்சவர் ஒருத்தர் இருந்தார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

1908-ல் நாகர்கோவில் பக்கம் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு நாலாம் வகுப்போட சரி. அப்புறம் வில்லுப்பாட்டு, நாடகக் கம்பெனி, அங்கிருந்து சினிமா. 1936-ல் வந்த 'சதிலீலாவதி'யில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அதே வருஷம் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காக புனே போனபோதுதான் டி.ஏ.மதுரம் அறிமுகம். ஜோடி சினிமாவிலும் சேர்ந்தது, வாழ்க்கையிலும் சேர்ந்தது.

அவர் வேலை செய்த முறைதான் எனக்கு ஆச்சரியம். தன் காமெடிப் பகுதியைத் தன் குழுவை வெச்சு அவரே தனியா உருவாக்குவார். படக் கம்பெனி அதை எடுத்துப் படத்தில் சேர்த்துக்கும். அதனால மெயின் கதை ராஜா ராணின்னு ஒரு பக்கம் ஓடினாலும், இவர் பாட்டுக்கு மூடநம்பிக்கை, சாதி, குடின்னு பேசிக்கிட்டே இருப்பார். படத்துக்குள்ள தனியா ஒரு ஷோ மாதிரி!

உச்சத்தில் இருந்தப்பதான் அந்த அடி விழுந்தது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற மஞ்சள் பத்திரிகைக்காரர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதாகி, ஆயுள் தண்டனை வாங்கினார்கள். சென்னை ஹைகோர்ட்டில் அப்பீலும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில்தான் இருவரும் விடுதலை. ரெண்டரை வருஷம் போச்சு. சேர்த்த பணமும் போச்சு.

வெளியே வந்த பாகவதருக்குப் பழைய மார்க்கெட் திரும்பவே இல்ல. என்.எஸ்.கே. மீண்டு வந்தார். உள்ளே இருந்தபோது மதுரமும் நாடகக் குழுவும் ஆரம்பிச்ச 'பைத்தியக்காரன்' படத்தில், விடுதலையானதும் அவரும் சேர்ந்துக்கிட்டார். ஜெயிலுக்குப் போய் வந்தவர் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்னுதானே நினைப்போம்? 1949-ல் அண்ணாவை வசனம் எழுத வெச்சு 'நல்லதம்பி' எடுத்தார். மதுவிலக்குப் பிரசாரம் வெளிப்படையாவே இருக்கும். கிந்தனார் காலட்சேபம் இந்தப் படத்தில்தான். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குறான். ஊர் ஒதுக்கி வெச்ச பையன் படிச்சு, கல்வி அதிகாரியா அதே ஊருக்குத் திரும்பி வர்றான்.

இன்ஜினியரிங் பசங்க நாம கட்டாயம் பார்க்க வேண்டிய பாட்டும் அதில் ஒண்ணு இருக்கு. பட்டனைத் தட்டினா இட்லியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிக்கணும்னு கனவு காண்றார் மனுஷன். வருஷம் 1949, ஞாபகம் வெச்சுக்குங்க. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பலதும் இன்னும் அந்த இட்லிக்கே வந்து சேரல.

பிறகு 'மணமகள்', 'பணம்' படங்களை இயக்கினார். ரெண்டுக்கும் வசனம் கருணாநிதி. சம்பாதிச்சதை வந்தவங்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததில் கடைசியில் கையில் பெருசா எதுவும் மிஞ்சல.

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். பிரசாரத்துக்குப் போன என்.எஸ்.கே. மேடையில் அந்த டாக்டரைத்தான் புகழ்ந்து தள்ளினாராம். அண்ணா ஆட்கள் முழிக்க, கடைசியில் ஒரு போடு போட்டாராம்: இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிட்டா இங்கே வைத்தியம் பார்க்க யாரு இருப்பா, அவரை ஊரிலேயே வெச்சுக்கிட்டு அண்ணாவை அனுப்புங்கன்னு. இன்னிக்கும் தேர்தல் மேடைகளில் சொல்லப்படுற கதை இது. அண்ணா ஜெயிச்சார்.

அதே வருஷம் ஆகஸ்ட் 30-ல் என்.எஸ்.கே. காலமானார். வயசு 48தான். 1969 ஜனவரியில், தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் அவர் சிலையைத் திறந்து வைக்க முதலமைச்சர் அண்ணா வந்தார். புற்றுநோய் அவரை உருக்கியிருந்த நேரம். அவர் கலந்துக்கிட்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான்.