மௌனமாய் உழைத்த மேதை வில்லார்ட் கிப்ஸ்

மேல்நிலை வகுப்பு வேதியியலில் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் என்றொரு பகுதி வருகிறது. சூத்திரத்தை நாம் மனப்பாடம் செய்கிறோம், கணக்கையும் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கிப்ஸ் யார், எப்படி வாழ்ந்தார் என்று நம்மில் பலர் கேட்பதில்லை. அவருடைய வாழ்க்கையைச் சிறிது பார்ப்போம்.

ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் 1839ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன் நகரில் பிறந்தார். தந்தையார் யேல் கல்லூரியில் பேராசிரியர். பல மொழிகள் கற்றவர். 16 வயதில் தாயையும் 22 வயதில் தந்தையையும் கிப்ஸ் இழந்தார். எனினும் படிப்பைக் கைவிடவில்லை. பற்சக்கரங்களின் வடிவத்தைப் பற்றி ஆராய்ந்து 1863இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் தம் இரு சகோதரிகளுடன் ஐரோப்பா சென்று, பாரிஸ், பெர்லின், ஹைடல்பெர்க் நகரங்களில் பேரறிஞர்களின் விரிவுரைகளைக் கேட்டுத் திரும்பினார்.

1871இல் யேல் அவரைக் கணித இயற்பியல் பேராசிரியராக நியமித்தது. பதவி உண்டு, சம்பளம் இல்லை! தந்தை விட்டுச்சென்ற சொத்தின் வருவாயைக் கொண்டு, தந்தை கட்டிய வீட்டிலேயே சகோதரியின் குடும்பத்தோடு எளிமையாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்தச் சம்பளமில்லாத ஆண்டுகளில்தான் அவருடைய மிகப் பெரிய ஆராய்ச்சி உருவாயிற்று.

அது என்ன ஆராய்ச்சி? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது நமக்குத் தெரியும். உருகிய உலோகங்களிலும் இப்படி ஒட்டாதவை உண்டு. ஈயமும் துத்தநாகமும் அத்தகையவை. உருகிய ஈயத்தில் துத்தநாகத்தைப் போட்டால், ஈயத்திலுள்ள வெள்ளியைத் துத்தநாகம் தன்னோடு சேர்த்துக்கொண்டு மேலே மிதக்கும். இம்முறையில் வெள்ளியைப் பிரித்தெடுக்க இங்கிலாந்தில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் 1850இல் காப்புரிமை பெற்றார். பட்டறையில் வேலை நடந்தது. அதை விளக்கும் கணக்கு அன்று இல்லை.

அந்தக் கணக்குக்கு அடிப்படை அமைத்தவர் கிப்ஸ். வெப்பம் மிகுந்திருக்கும்போது அணுக்கள் கலந்து கிடக்கவே முற்படும். வெப்பம் குறையும்போது தன் இனத்தோடு சேரும் இயல்பு மேலோங்கும். கலந்து நிற்பதைவிடப் பிரிந்து நின்றால் கட்டிலா ஆற்றல் குறையும் என்னும் நிலை வந்ததும், திரவம் இரண்டாகப் பிரிய முற்படும்.

பிரிவதிலும் இரு வழிகள் உண்டு என்று அவர் கண்டார். முதல் வழியில், சிறு சலனங்களைத் திரவம் தாங்கிக்கொள்ளும். புதிய துளி ஒன்று தோன்ற வேண்டுமானால் அதற்கு மேற்பரப்பு வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். ஆகவே போதிய அளவுள்ள துளி பிறந்தால்தான் பிரிவு தொடங்கும். இரண்டாம் வழியில், திரவம் தன் எல்லையையே கடந்துவிட்டிருக்கும். எங்கும் பரவிய மிக மெல்லிய வேறுபாடுகூடத் தானே வளர்ந்து அதைப் பிரித்துவிடும்.

நிலைமை விதியும் அடங்கிய இந்த ஆராய்ச்சி 1876 முதல் 1878 வரை, கனெக்டிகட் அகாடமியின் இதழில் இரு பகுதிகளாக வெளிவந்தது. சுமார் 300 பக்கங்கள், 700 சமன்பாடுகள்! அச்சிட அகாடமியிடம் பணம் போதவில்லை. நகரத்துப் பேராசிரியர்களும் வணிகர்களும் நன்கொடை கொடுத்து உதவினார்கள்.

அன்று அதைப் படித்துப் புரிந்துகொண்டவர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் மாக்ஸ்வெல். கிப்ஸின் முந்தைய கட்டுரை ஒன்றைப் படித்து வியந்த அவர், அதிலுள்ள கருத்தைச் சாந்து உருவமாகத் தம் கையாலேயே செய்து, அதன் படி ஒன்றைக் கிப்ஸுக்கு அனுப்பினார். ஆனால் மாக்ஸ்வெல் 1879இல் மறைந்தார். 1880இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 3,000 டாலர் ஊதியத்துடன் கிப்ஸை அழைத்தது. அதன் பிறகே யேல் 2,000 டாலர் தர முன்வந்தது. குறைவானாலும் அவர் தம் ஊரிலேயே இருந்துவிட்டார். 1892இல் ஆஸ்ட்வால்டு ஜெர்மனிலும் 1899இல் லெ ஷாட்டலியே பிரெஞ்சிலும் மொழிபெயர்த்த பின்னரே ஐரோப்பா அவருடைய பெருமையை நன்கு உணர்ந்தது. 1901இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைத்தது. 1903 ஏப்ரல் 28ஆம் நாள் கிப்ஸ் காலமானார்.

அவர் விதைத்தது பின்னும் பலன் தந்தது. 1960இல் கலிபோர்னியாவில் போல் டுவெஸ் குழுவினர், உருகிய தங்க-சிலிக்கான் கலவையை மின்னல் வேகத்தில் குளிரவைத்தார்கள். அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமின்றிக் கலவை கண்ணாடிபோல் உறைந்தது. அதுவே முதல் உலோகக் கண்ணாடி. பின்னாளில், ஒன்றோடொன்று ஒட்டாத டைட்டானியத்தையும் இட்ரியத்தையும் வேறு உலோகங்களுடன் உருக்கியபோது, திரவம் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் தனித்தனிக் கண்ணாடியாக உறைந்தன. இத்தகைய கலவைகளில் முத்து முத்தான துளிகள் தோன்றுமா, பின்னிய வலை தோன்றுமா என்று ஆராய்பவர்கள், கிப்ஸ் காட்டிய அந்த இரு வழிகளிலிருந்தே தொடங்குகிறார்கள்.

தோழியரே! ஊதியமும் பாராட்டும் வரட்டும் என்று கிப்ஸ் காத்திருந்தால், அந்த 700 சமன்பாடுகள் எழுதப்பட்டிரா. நம் கையிலுள்ள வேலை எவர் கண்ணிலும் படாமற்போகலாம். அதற்காக அதன் தரத்தைக் குறைத்துக்கொள்ளாமல் செய்து முடிப்போம்.